உளநோய் மருத்துவமும் பிரதேச ஏற்றத்தாழ்வும்: இலங்கை பற்றிய ஒரு நோக்கு

1. தோற்றுவாய்

பொதுச் சுகாதாரத் துறையிலே இலங்கை ஈட்டிய வெற்றிகள் உலகறிந்தவை. வருமானம் குறைந்த நாடொன்று தாய் மரணத்தையும் சிசு மரணத்தையும் பெரிதும் குறைத்துக்கொண்டமை, வளர்முக நாடுகள் பற்றிய நூல்களில் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டப்படுவதாகும். 1951ஆம் ஆண்டு முதல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் உரிமை மக்களுக்குக் கிட்டியது. 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென உறுதிப்படுத்தியது. இவ்வெற்றிகள் யாவும் தலைநகரின் பெரிய வைத்தியசாலைகளால் மட்டும் விளைந்தவை அல்ல. குக்கிராமத்தின் குடிசை வாசல் வரை நடந்து சென்ற மருத்துவ மாதுவும், சிற்றூர்களில் எழுந்த மகப்பேற்று மனைகளும், கிராமிய வைத்தியசாலைகளுமே அவற்றின் அடித்தளமாக அமைந்தன.

ஆயின் இதே நாட்டில் உளநோய்க்குரிய மருத்துவம் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கொழும்பின் புறநகர்ப் பகுதியொன்றிலேயே பெரும்பாலும் ஒடுங்கிக் கிடந்தது. உடலுக்கான மருத்துவம் மக்களைத் தேடிச் சென்றது. உளத்துக்கான மருத்துவமோ மக்களைத் தன்னிடம் வரவழைத்தது, சில வேளைகளிற் கட்டி இழுத்தும் வரவழைத்தது. இந்த முரண்பாடு எவ்வாறு தோன்றியது, எப்பிரதேசத்து மக்களை எவ்வெவ்வாறு பாதித்தது, அண்மைக் காலச் சீர்திருத்தங்கள் அதனை எவ்வளவு தூரம் போக்கியுள்ளன என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். சேவை 'உண்டு' என்பதும், அச்சேவை ஒருவருக்கு 'எட்டுகிறது' என்பதும் வேறு வேறானவை. ஒரு மாவட்டத்தில் உளமருத்துவப் பிரிவொன்று இருக்கலாம். ஆயினும் அங்கு செல்லப் பேருந்து இல்லையெனில், சென்றாலும் தன் மொழியிற் பேச இயலாதெனில், ஒரு நாட் கூலியை இழந்தாலன்றிச் செல்ல இயலாதெனில், சென்று வந்தவரை ஊர் ஒதுக்குமெனில், அச்சேவை இருந்தும் இல்லாததே. தூரம், மொழி, கூலி, மானம் ஆகிய நான்கும் இணைந்தே ஒரு நோயாளிக்கும் அவருக்குரிய மருத்துவத்துக்கும் இடையிலுள்ள உண்மையான இடைவெளியை நிர்ணயிக்கின்றன.

2. 1926: இரு பாதைகளின் பிரிவு

பிரித்தானியர் ஆட்சியின் முற்பகுதியில் உளநோயாளருக்கெனத் தனி இடம் எதுவும் இருக்கவில்லை. அவர்கள் சிறைச்சாலைகளிலும் ஹெந்தலையிலிருந்த தொழுநோய் மருத்துவமனையிலும் அடைத்துவைக்கப்பட்டனர். 1840களிற் பொரளையில் முதலாவது புகலிடம் அமைக்கப்பட்டது. 1873ஆம் ஆண்டில் உளநோயாளர் பற்றிய கட்டளைச்சட்டம் பிறப்பிக்கப்பட்டது. 1880களிற் கறுவாத்தோட்டத்தில் வேறொரு புகலிடம் எழுந்தது. அதுவும் நிரம்பி வழியவே, 1926ஆம் ஆண்டில் அங்கொடையிற் பெரிய மருத்துவமனை உருவாயிற்று. 1950களில் அதன் அயலிலுள்ள முல்லேரியாவிலும் மற்றொரு மருத்துவமனை தோன்றியது. பொரளை, கறுவாத்தோட்டம், அங்கொடை, முல்லேரியா என்னும் நான்கு இடங்களும் கொழும்பிலிருந்து ஓரிரு மணி நேரத்தில் நடந்தே செல்லக்கூடிய வட்டத்துள் அடங்குவன என்பது ஈண்டு நோக்கற்பாலது. நூறு ஆண்டுக்கால வளர்ச்சி அவ்வளவு சிறிய நிலப்பரப்பிலேயே நிகழ்ந்து முடிந்தது.

1926ஆம் ஆண்டு வேறொரு காரணத்தாலும் எமது கவனத்துக்குரியது. அதே ஆண்டிலேதான் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது. வரையறுக்கப்பட்ட ஒரு நிலப்பரப்பையும் அதில் வாழும் மக்கள் அனைவரையும் ஒரு மருத்துவ அதிகாரியின் பொறுப்பில் ஒப்படைத்து, நோய் வருமுன் காக்கும் பணியை வீட்டு வாசல்வரை கொண்டுசெல்வதே அதன் கோட்பாடாகும். அக்கோட்பாடு பின்னர் நாடெங்கும் பரவியது. ஆகவே ஒரே ஆண்டில், ஒரே ஆட்சியின் கீழ், ஒரே திணைக்களத்தின் எல்லைக்குள், உடலுக்கு ஒரு பாதையும் உளத்துக்கு வேறொரு பாதையும் வகுக்கப்பட்டன. முன்னையது பரவல்; பின்னையது குவிதல். முன்னையதன் இலக்கு நலம். பின்னையதன் இலக்குப் பெரும்பாலும் காவல்.

குடியேற்றவாத அரசு உளநோயாளரைப் பொது ஒழுங்குப் பிரச்சினையாகவே நோக்கியது. தெருவிற் திரிவோரைப் பொலிசார் பிடித்து நீதவான் முன் நிறுத்த, நீதவான் மருத்துவமனைக்கு அனுப்பும் முறையே நிலவியது. காவலை நோக்காகக் கொண்ட ஒரு நிறுவனம் ஓரிடத்தில் இருந்தாற் போதுமானது. மருத்துவத்தை நோக்காகக் கொண்டதே பல இடங்களில் இருத்தல் வேண்டும். எனவே அங்கொடையின் அமைவிடம் வெறும் நிர்வாக வசதியினால் மட்டும் நேர்ந்ததன்று. நோய் பற்றிய ஒரு கண்ணோட்டத்தின் விளைவும் ஆகும்.

1952ஆம் ஆண்டிற் பிரான்சிற் குளோர்ப்புரோமசீன் என்னும் மருந்து உளநோய்க்குப் பயன்படுத்தப்பட்டதன் பின்னர் நிலைமை அடிப்படையில் மாறியிருத்தல் வேண்டும். மாத்திரைகளும், அவற்றைத் தொடர்ந்து வந்த சில வாரங்களுக்கு ஒருமுறை ஏற்றும் ஊசிமருந்தும், கடும் உளநோயாளர் பலரைத் தத்தம் வீட்டிலேயே வைத்துப் பராமரிப்பதைச் சாத்தியமாக்கின. இம்மருந்துகளை வழங்குவதற்கு உயர்ந்த மதில் தேவையில்லை. ஊசி ஏற்றத் தெரிந்த தாதியும், மருந்து தீர்ந்துபோகாத களஞ்சியமும், மாதந்தோறும் வந்துபோகும் மருத்துவரும் போதும். ஆயினும் விஞ்ஞானம் பரவலுக்கு வழிதிறந்த பின்னரும் நிறுவனம் குவிந்தே நின்றது. பொது வைத்தியசாலைகள் சிலவற்றில் வெளிநோயாளர் சிகிச்சை நிலையங்களும் சிறு விடுதிகளும் தோன்றினவேனும், கட்டிடமும் படுக்கையும் பணியாளரும் பெரும்பாலும் தலைநகரின் அயலிலேயே தங்கிவிட்டன.

இதன் சமூக விளைவு மொழியிலும் பதிந்துள்ளது. 'அங்கொடை' என்னும் ஊர்ப்பெயர் நாடெங்கும் வசைச்சொல்லாயிற்று. யாழ்ப்பாணத்திலே உளநோயாளருக்குச் சிகிச்சை அளித்த மந்திகை ஆஸ்பத்திரியின் பெயரும் அவ்வாறே பரிகாசத்துக்கு ஆளாயிற்று. உளநோய் எல்லா ஊர்களிலும் உண்டு. ஆனால் அதன் மருத்துவம் ஓரிரு ஊர்களில் மட்டுமே இருந்தமையால், நோயின் களங்கம் முழுவதும் அவ்வூர்களின் பெயர்மீது படிந்தது. மருத்துவம் பரவலாக இருந்திருப்பின் களங்கமும் இவ்வளவு திரண்டிராது என்று கருத இடமுண்டு.

3. சட்டம் வகுத்த புவியியல்

1873ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டது. அவற்றுள் முக்கியமானது 1956ஆம் ஆண்டின் திருத்தமாகும். தாமாக விரும்பி வரும் நோயாளரை அனுமதிப்பதற்கு இடமளித்தமை இச்சட்டத்தின் முற்போக்கான அம்சம் எனலாம். எனினும் அதன் நோக்கு, குறித்த சில உளநோய் மருத்துவமனைகளையே மையமாகக் கொண்டிருந்தது. தன் நோயைத் தானே உணராத நிலையில் உள்ள ஒருவரைச் சட்டப்படி அனுமதிக்க வேண்டின், அதற்குரிய இடம் தலைநகரத்தின் அயலிலேயே இருந்தது. மாவட்ட வைத்தியசாலையிலுள்ள விடுதியும், சமூகத்தில் நிகழும் பராமரிப்பும் அச்சட்டத்தின் கற்பனைக்குள் அடங்காதவை.

2005ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கை புதிய சட்டமொன்றின் தேவையை வலியுறுத்தியது. ஆயினும் அதன் பின்னரும் ஆண்டுகள் பல வரைவுகளிலேயே கழிந்தன. மருத்துவக் கொள்கை மாவட்டங்களை நோக்கி நகர்ந்தபோதும் சட்டம் அங்கொடையிலேயே நின்றது. நோயாளியின் உரிமை பற்றிய வினாவும் பிரதேச நீதி பற்றிய வினாவும் ஒரே முடிச்சில் இணைந்திருப்பதை இதனாற் காணலாம். வீட்டிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால், உறவினர் வந்து பார்க்க இயலாத இடத்தில், தன் மொழி வழங்காத சூழலில் அனுமதிக்கப்படும் ஒருவர், நோயிலிருந்து தேறிய பின்னரும் வீடு திரும்பாது அங்கேயே தங்கிவிட நேர்வது இயல்பே. தூரம் சிகிச்சையைத் தாமதிப்பதோடு நின்றுவிடுவதில்லை, உறவையும் அறுத்துவிடுகிறது.

4. நான்கு பிரதேசங்கள்

(அ) வடக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குத் தரைவழித் தூரம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அமைதிக் காலத்தில் அது ஓர் இரவுப் பயணம். போர்க்காலத்திலோ அது கடக்க முடியாத எல்லை. 1990களின் முற்பகுதியிற் குடாநாட்டு மக்கள் உயிரைப் பணயம் வைத்துக் கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்தனர். 2006ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் ஏ-9 பாதை மீண்டும் மூடப்பட்டது. போர் முடிவுற்ற 2009ஆம் ஆண்டு வரை நிலைமை சீராகவில்லை. உயர்தர மருத்துவம் யாவும் தலைநகரிற் குவிந்திருக்கும் ஒரு நாட்டிற் பாதை மூடப்படுவதென்பது மருத்துவமனை மூடப்படுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே வடபுலம் தன்னைத் தானே தாங்க வேண்டியதாயிற்று. 1978ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கப்பட்டமை இவ்வகையிற் பெரும் பயன் விளைத்தது. அப்பீடத்தின் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்ச்சூழலிலே பணியாற்றியவாறே போரின் உளத்தாக்கத்தை ஆராய்ந்தார். 1993இல் வெளிவந்த 'மனவடு' என்னும் அவரது தமிழ் நூல், உளமருத்துவ அறிவை நிபுணரின் கையிலிருந்து ஆசிரியர், கிராம சேவையாளர், மதகுரு, தொண்டர் முதலியோரின் கைக்கு மாற்ற முயன்றமையாற் குறிப்பிடத்தக்கது. 'சாந்திகம்' போன்ற உளவளத்துணை நிறுவனங்களும் இக்காலத்திலேயே தோன்றின. நிபுணர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க தொகையினராக இருந்த சூழலில், அறிவைப் பரவலாக்குவதே ஒரே வழியாக இருந்தது. பற்றாக்குறை இங்கு புதியதொரு முறையைப் பிறப்பித்தது எனலாம். ஆயினும் அதைக் காரணங்காட்டிப் பற்றாக்குறையை நியாயப்படுத்தல் ஆகாது.

தேவையின் அளவு எத்தகையது? போர் முடிவுற்ற சில மாதங்களுள் யாழ் மாவட்டத்தில் நடத்தப்பட்டு, 2011ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று, வளர்ந்தோரில் 22.2 வீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், 32.6 வீதத்தினரிடம் பதகளிப்பின் அறிகுறிகளும், 7.0 வீதத்தினரிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிகளும் காணப்பட்டதாகத் தெரிவித்தது. ஆய்வுக் காலத்தில் இடம்பெயர்ந்து முகாம்களில் வாழ்ந்தோரிடையே இவ்விகிதங்கள் மிக உயர்ந்திருந்தன. அறிகுறிகளின் அளவீடு நோய் நிர்ணயமாகாது என்பது உண்மையே. எனினும் இவ்வளவு பெருந்தொகையானோரை ஓரிரு நிபுணர்களிடம் அனுப்புவது எவ்வாறு இயலும் என்ற வினா எஞ்சி நிற்கிறது.

மேலும், வடக்கின் துயர் முழுவதும் மருத்துவத்தின் எல்லைக்குள் அடங்குவதன்று. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய தொடர் போராட்டங்கள் இதனை உணர்த்துகின்றன. மகன் இறந்தான் என அறிந்த தாய் அழுது, எட்டுச் செலவும் அந்தியேட்டியும் செய்து, காலப்போக்கிலே தேறுகிறாள். மகன் இருக்கிறானா இல்லையா என அறியாத தாய்க்குச் சடங்கும் இல்லை, முடிவும் இல்லை. அவளுக்கு நித்திரைக்கு மாத்திரை தேவைப்படலாம். ஆனால் அவள் கேட்பது பதில். அப்பதிலை அளிக்க வேண்டியது அரசு, மருந்தகம் அன்று. உளநல சேவையை விரிவாக்குகையில், அரசியற் கேள்விக்கு மருத்துவ விடை கூறி அமையும் தவறு நேராதவாறு விழிப்பாயிருத்தல் வேண்டும்.

(ஆ) கிழக்கு

கிழக்கு மாகாணம் போரோடு கடற்கோளையும் சந்தித்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதிய சுனாமி நாட்டில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய மாவட்டங்களின் கரையோரம் பேரழிவுக்கு உள்ளாயிற்று. மட்டக்களப்பில் உளமருத்துவர் ம. கணேசன் முதலானோர் சமூகத்தை அடிப்படையாகக் கொண்ட சேவையொன்றைக் கட்டியெழுப்பியிருந்தனர். மருத்துவர், தாதியர், சமூகப் பணியாளர், தொண்டர் ஆகியோரை இணைத்து, விடுதிக்கு வெளியேயும் நோயாளரைத் தொடர்ந்து பின்பற்றுவதே அதன் இயல்பு. இத்தகைய அனுபவங்கள் பின்னர் எழுந்த தேசியக் கொள்கைக்கு வழிகாட்டின. புறக்கணிக்கப்பட்ட விளிம்பு மையத்துக்குப் பாடம் புகட்டிய அரிய நிகழ்வுகளுள் இது ஒன்று.

(இ) மலையகம்

மலையகத்தின் பிரச்சினை தூரத்தைப் பொறுத்ததன்று. நுவரெலியாவோ ஹற்றனோ கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்தைப்போல் அவ்வளவு தொலைவில் இல்லை. ஆயினும் தோட்டத் தொழிலாளர் வேறொரு வகையில் நாட்டின் சுகாதார முறைமைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் தொழிலாளரின் மருத்துவத்தைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலானோரை நாடற்றோராக்கியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 முதல் மீண்டும் கம்பனிகளின் முகாமைக்குச் சென்ற பின்னரும், தோட்ட மருந்தகம் பெரும்பாலும் தனியான ஓர் அமைப்பாகவே இயங்கி வந்தது. காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மருந்து கொடுப்பதற்கென அமைந்த மருந்தகத்தில் மனச்சோர்வை இனங்காணும் பயிற்சி எதிர்பார்க்கத்தக்கதன்று.

கூலி என்னும் தடை மலையகத்திலேதான் மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. நிறை குறைந்தால் 'அரைப்பேர்', வேலைக்கு வராவிடிற் பேரே இல்லை என்னும் கணக்கில் வாழும் ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு, மாதாந்தக் கிளினிக் என்பது இலவசமானதன்று. ஒரு நாட் சம்பளமும் பேருந்துச் செலவும் உடன் வருபவரின் ஒரு நாட் சம்பளமும் அதன் விலையாகும். உளநோயாளர் தனியே செல்ல இயலாதவர் என்பதால் இவ்விலை இரட்டிக்கிறது. மருந்து இலவசம் என்று ஏட்டில் எழுதப்பட்டிருப்பினும், அதனைப் பெறுதல் இலவசமன்று.

மொழித் தடையும் இங்கு கூர்மை பெறுகிறது. உளமருத்துவத்திலே குருதிப் பரிசோதனையோ கதிர்ப்படமோ நோயை நிர்ணயிப்பதில்லை. பேச்சே அங்கு பரிசோதனை. நோயாளி தமிழிலும் வைத்தியர் சிங்களத்திலும் பேச, இடையில் நிற்கும் சிற்றூழியர் மொழிபெயர்க்கும் நிலையில் அப்பரிசோதனை எவ்வாறு நிகழும்? எமது பேச்சுத் தமிழில் 'யோசனை' என்பது பெரும்பாலும் கவலையைக் குறிக்கும். 'அவ சரியா யோசிக்கிறா' என்று தாயொருத்தி தன் மகளைப் பற்றிக் கூறுவதை, 'அவள் சரியாகச் சிந்திக்கிறாள்' என மொழிபெயர்த்தால் நோய் மறைந்துவிடும்; நோயாளியும் வீட்டுக்கு அனுப்பப்படுவாள். 'ஏக்கம்', 'நெஞ்சு பதைப்பு', 'தலைக்குள்ளை ஓடுது', 'மனம் விட்டுப்போச்சு' என்னும் தொடர்கள் ஒவ்வொன்றும் தனித்தனி அனுபவங்களைச் சுட்டுவன. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அரச காரியாலயத்திற் பிழையான மொழியிற் படிவம் கிடைப்பது அவமதிப்பு. உளநோய்ச் சிகிச்சை நிலையத்திற் பிழையான மொழி வழங்குவதோ பிழையான மருத்துவமே.

(ஈ) உலர்வலயம்

பிரதேச ஏற்றத்தாழ்வைத் தமிழ்ப் பகுதிகளின் பிரச்சினையாக மட்டும் காண்பது தவறாகும். உலர்வலயத்தின் குடியேற்றத் திட்டங்களில் வாழும் சிங்கள விவசாயியும் தலைநகரிலிருந்து தூரத்திலேயே நின்றான். கடன், மழை பொய்த்தல், வேரறுந்த குடியேற்ற வாழ்வு, கையெட்டும் தூரத்தில் நச்சுக் கிருமிநாசினி ஆகியன ஒன்றுசேர்ந்தபோது தற்கொலை பெருகிற்று. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆகி, உலகில் மிக உயர்ந்தனவற்றுள் ஒன்றாயிற்று.

அதன் பின் நிகழ்ந்தது படிப்பினை நிறைந்தது. மிகக் கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த கிருமிநாசினிகளின் இறக்குமதி 1995இலும், எண்டோசல்பான் 1998இலும் தடைசெய்யப்பட்டன. 2005ஆம் ஆண்டளவிலே தற்கொலை வீதம் பாதியாகக் குறைந்தது. 1986 முதல் 1995 வரையான பத்தாண்டோடு ஒப்பிடுகையில், 1996 முதல் 2005 வரையான பத்தாண்டிலே தற்கொலை மரணங்கள் ஏறத்தாழ 19,800 குறைந்தன என ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டமும் 1998இல் நீக்கப்பட்டது. அக்காலத்தில் உளமருத்துவர் தொகை பெரிதாக அதிகரிக்கவில்லை. விவசாயியின் கவலையும் ஒழியவில்லை. ஒரு கண நேர விரக்தி மரணமாக முடியும் வழி அடைபட்டது. நிபுணர் எட்டாத ஊருக்கும் கொள்கை எட்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

5. அழிவின் பின் வந்த சீர்திருத்தம்

எண்பது ஆண்டுகளிலே நிகழாத மாற்றம் சுனாமியின் பின் சில ஆண்டுகளில் நிகழ்ந்தது. உலகின் கவனமும் நிதியும் நாட்டின்மீது குவிந்த வேளையில், 2005ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே தேசிய உளநலக் கொள்கை அங்கீகரிக்கப்பட்டது. மாவட்டந்தோறும் பொது வைத்தியசாலையொன்றில் தீவிர சிகிச்சை விடுதி, அதனைச் சூழப் புனர்வாழ்வு நிலையம், கிராமம்வரை செல்லும் சமூகக் குழு என்பனவே அதன் கட்டமைப்பு. 2013ஆம் ஆண்டில் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கையொன்று, சுனாமிக்கு முன்னர் 10 சுகாதார மாவட்டங்களில் மட்டும் இருந்த உளநலச் சேவைக் கட்டமைப்பு பின்னர் 27 மாவட்டங்களில் 20க்கு விரிந்ததென எடுத்துக்காட்டியது. அங்கொடை மருத்துவமனையும் தேசிய உளநல நிறுவகமாக மாற்றமுற்றது.

இம்மாற்றத்தின் உயிர்நாடி ஆளணி பற்றிய புதிய சிந்தனையாகும். ஓர் உளமருத்துவ நிபுணரை உருவாக்குவதற்கு நீண்ட பட்டப்பின் படிப்பும், அதன் பகுதியாக வெளிநாட்டுப் பயிற்சியும் தேவைப்படுகின்றன. வெளிநாட்டுப் பயிற்சிக்குச் சென்றோர் சிலர் அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு. நாடு முழுவதற்கும் ஒரு இலட்சம் மக்களுக்கு ஒரு நிபுணர் என்ற அளவுதானும் எட்டப்படாத நிலையில், நிபுணரை மட்டும் நம்பிய முறைமை விளிம்பை ஒருபோதும் எட்டாது. எனவே குறுகிய காலப் பயிற்சி பெற்ற உளநல மருத்துவ அதிகாரிகளும், ஓராண்டு டிப்ளோமா பெற்ற மருத்துவர்களும், சமூக உளமருத்துவத் தாதியரும், ஊரிலிருந்தே தெரிவுசெய்யப்பட்ட சமூக உதவி உத்தியோகத்தரும் உருவாக்கப்பட்டனர். 1926ஆம் ஆண்டிற் களுத்துறையிற் பிறந்த கோட்பாடு இவ்வாறு நெடுங்காலம் கடந்து உளநலத் துறையையும் வந்தடைந்தது.

ஆயினும் இச்சீர்திருத்தத்தின் குறைபாடுகளையும் கூறாதிருத்தல் முறையன்று. முதலாவதாக, பேரிடரினால் வந்த நிதி பேரிடர் மறக்கப்படுகையில் வற்றிவிடும். வெளிநாட்டு உதவியிலே தொடங்கிய பதவிகள் அரசின் நிரந்தர ஆளணியிற் சேராவிடின், பயிற்சி பெற்ற தொண்டர் வேறு தொழில் தேடிச் செல்வர். இரண்டாவதாக, வைத்தியர் இடமாற்ற முறையிலே 'கஷ்டப் பிரதேசம்' என்பது விரைவிற் கடந்துபோக வேண்டிய தரிப்பிடமாகவே கருதப்படுகிறது. உளநோயாளிக்கோ ஆண்டுதோறும் புதிய வைத்தியரிடம் தன் கதையை ஆதியிலிருந்து கூறுவதே ஒரு சுமை. மூன்றாவதாக, உளவியலாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், உளமருத்துவச் சமூகப் பணியாளர் ஆகியோர் அரச சேவையில் மிகச் சிலரே. இதனால் தலைநகருக்கு வெளியே உளமருத்துவம் என்பது பெரும்பாலும் மாத்திரையாகச் சுருங்கிவிடுகிறது. வசதி படைத்தோர் கொழும்பிலே தனியார் மருத்துவமனைகளிற் 'சனல்' செய்து உரையாடற் சிகிச்சை பெறுவர். ஏனையோருக்கு ஐந்து நிமிடமும் மருந்துச் சிட்டையும் கிட்டும். கொழும்பின் சேரிவாசியும் இவ்வேனையோருள் அடங்குவான் என்பதால், பிரதேச ஏற்றத்தாழ்வு அடியில் வர்க்க ஏற்றத்தாழ்வோடு பிணைந்தது என்பதை மறத்தலாகாது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இக்குறைபாடுகளை வெளிச்சமிட்டது. எரிபொருட் தட்டுப்பாட்டினாற் பேருந்துகள் நின்றன, மருந்துகள் தட்டுப்பாடாயின, வைத்தியர் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். தொடர்ந்து உட்கொள்ள வேண்டிய மருந்து சில வாரம் தடைப்படினும் நோய் மீளுகின்ற ஒருவருக்கு இத்தகைய நெருக்கடி வேறெவருக்கும் முன்னர் வந்து சேரும். நெருக்கடியின் சுமையை முதலில் உணர்வது சங்கிலியின் கடைசிக் கண்ணியாகிய சிற்றூர்க் கிளினிக்கே.

6. மரபுவழிப் பராமரிப்பு

அரச சேவை எட்டாத இடங்களில் மக்கள் வாளாவிருக்கவில்லை. பிலியந்தலைக்கு அண்மையிலுள்ள நீலம்மஹர விகாரையின் சுதேச வைத்தியமும், தென்னிலங்கையின் தொவில் சடங்கும், தமிழ்ப் பிரதேசங்களின் கோயில் நேர்த்தியும் நூல்கட்டும், முஸ்லிம்களின் ஓதிப்பார்த்தலும் நெடுங்காலமாகப் பயின்று வருவன. கணநாத் ஒபேசேகர போன்ற மானிடவியலாளர், தனிமனிதத் துயரத்தைப் பண்பாட்டு வடிவங்கள் எவ்வாறு பொருளுடையதாக்குகின்றன என விரிவாக ஆராய்ந்துள்ளனர். 1979ஆம் ஆண்டில் நான்சி வக்ஸ்லர் வெளியிட்ட ஆய்வு, இலங்கையில் உளப்பிளவு நோயுற்றோர் ஐந்தாண்டு கழிந்தபின் எதிர்பார்த்ததினும் நல்ல நிலையில் இருந்தமையைக் காட்டி, குடும்பமும் சமூகமும் நோயாளியை ஒதுக்காது ஏற்றுக்கொள்வதை அதற்கான விளக்கமாக முன்வைத்தது.

இம்முடிவை அரசின் பொறுப்பின்மைக்குச் சாட்டாக எடுத்துக்கொள்ளல் தகாது. குடும்பம் தாங்கும் என்பது, குடும்பம் இருக்கும்போதே பொருந்தும். போரினால் ஆண்களை இழந்த வீடுகளிலும், தாய்மார் மத்திய கிழக்கிற்குப் பணிப்பெண்களாகச் சென்ற வீடுகளிலும், முதியோரை விட்டு இளையோர் புலம்பெயர்ந்த ஊர்களிலும் தாங்குவோர் எவர்? மேலும், 'குடும்பம்' எனப் பொதுவாகக் கூறப்படும் சொல்லின் பின்னே நிற்பவள் பெரும்பாலும் ஒரு பெண். அவளுடைய கூலியற்ற உழைப்பிலேயே சமூகப் பராமரிப்பு என்னும் கோட்பாடு தங்கியுள்ளது. மரபுவழி நம்பிக்கைகளை எள்ளி ஒதுக்காமலும், அவற்றைச் சேவைக்குப் பதிலீடாகக் கொள்ளாமலும், பூசகரும் கிராமத்து வைத்தியரும் தக்க வேளையில் நோயாளியைச் சிகிச்சை நிலையத்துக்கு வழிப்படுத்தும் உறவை ஏற்படுத்துவதே அறிவுடைமை.

7. முடிவுரை

இதுவரை கூறியவற்றிலிருந்து சில முடிபுகள் பெறப்படுகின்றன. பிரதேச ஏற்றத்தாழ்வு இயற்கையாக நேர்ந்ததன்று. காவலையே நோக்காகக் கொண்ட ஒரு நிறுவன மரபினாலும், அதனைக் காத்து நின்ற சட்டத்தினாலும் விளைந்தது. அதனைப் போக்கும் வழியும் இந்நாட்டுக்குப் புதியதன்று. தாய் சேய் நலத்திலே வெற்றியளித்த அதே வழியே அது. தடை அறிவிலன்று, முன்னுரிமையிலேயே உள்ளது.

ஆதலின் நாட்டின் சராசரிக் கணக்குகளோடு அமையாது, சேவை எட்டுவதை அளக்கும் வேறு அளவைகளைக் கைக்கொள்ளல் வேண்டும். ஒரு முல்லைத்தீவுக் கிராமத்திலிருந்தும் ஒரு பதுளைத் தோட்டத்திலிருந்தும் ஒரு பொலன்னறுவைக் குடியேற்றத்திலிருந்தும் மாதாந்த ஊசிக்குச் சென்று மீளுவதற்கு எத்தனை மணி நேரமும் எத்தனை நாட் கூலியும் செலவாகின்றன என்பதே முதல் அளவை. நோயாளி தன் மொழியில் வைத்தியரோடு நேரே பேச முடிகிறதா என்பது இரண்டாவது. சென்ற ஆண்டு கண்ட வைத்தியரையோ தாதியையோ இவ்வாண்டும் காண முடிகிறதா என்பது மூன்றாவது. மருந்து தடையின்றிக் கிடைத்ததா என்பது நான்காவது. இவற்றைக் கணக்கிடுவதற்குப் பெருநிதி தேவையில்லை. பல்கலைக்கழகங்களின் மருத்துவ, சமூகவியல், புவியியல், மொழியியல் மாணவர் ஒன்றிணைந்து ஆற்றக்கூடிய பணி இது. எமது பேச்சுவழக்கில் உளத்துயரைக் குறிக்கும் சொற்களைப் பிரதேசவாரியாகத் தொகுத்து மருத்துவ மாணவர் கையிற் சேர்ப்பது தமிழ்த்துறையினர் செய்யக்கூடிய பங்களிப்பாகும்.

வாய்விட்டு நோவைச் சொல்லக்கூடியவனே வைத்தியசாலை வாசலில் வரிசையில் நின்று தன் உரிமையைக் கேட்கிறான். உளநோயாளியோ பெரும்பாலும் கேட்பதில்லை; அவன் சார்பிற் கேட்க வேண்டிய குடும்பமும் மானத்துக்கு அஞ்சி வாய்மூடுகிறது. கேட்போர் இல்லாத சேவை எப்போதும் இறுதியாகவே வந்து சேரும். அக்குரலை எழுப்புவது மருத்துவரின் கடமை மட்டுமன்று. கற்றோர் அனைவரின் கடமையுமாகும்.